ராஜசாசனமும் ஒரு கைப்பிடிப் புளியும்

சூரியசந்திரர் உள்ளவரை வெள்ளோடைக்குப்பத்துக் கடற்கரை வெள்ளோடைக்குப்பத்தாருக்கே என்று ஒரு சக்கரவர்த்தி செம்பில் எழுதிக் கொடுத்திருந்தார். ஓலையில் எழுதினால் செல்லரிக்கும், கல்லில் எழுதினால் உப்புக்காற்று தின்றுவிடும் என்று யோசித்தே அவர் செம்பைத் தேர்ந்தெடுத்தார் என்பது ஊர்ப்பேச்சு. சூரியனும் சந்திரனும் இன்றைக்கும் இருக்கிறார்கள். கடற்கரையில் 1956 முதல் ஒரு ரசாயனக் கம்பெனியின் மதில் இருக்கிறது.

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில், ரயில் பாதைக்குக் கிழக்கே, நூற்றுப்பத்துக் கூரைகள் கொண்ட ஊர் அது. சாசனம் ஒன்றரைச் சாண் நீளம், ஒரு சாண் அகலம். மேலே வளையம் கோத்த துளை மட்டும் இருந்தது. வளையத்தையும் அதிலிருந்த முத்திரையையும் எந்தக் காலத்திலோ எவரோ தொலைத்திருந்தார்கள். ஊர்த்தலைவரான நாட்டார் பொன்னுரங்கத்தின் வீட்டில், மஞ்சள் துணியில் சுற்றி, பர்மா சோப்பு வந்த கள்ளிப்பெட்டிக்குள் சக்கரவர்த்தியின் வாக்கு பத்திரமாக இருந்தது.

அதைப் படிக்கத் தெரிந்தவர் ஊரில் ஒருவரும் இல்லை. அதை ஒரு குறையாக யாரும் நினைக்கவுமில்லை. படிக்கத் தெரியாததால்தான் அதில் எல்லாமே இருந்தது.

பொன்னுரங்கத்தின் பாட்டன் காலத்தில் கொடுத்தவர் வெறும் 'ஒரு ராஜா'. அப்போது பக்கத்து ஊரான சின்ன ஓடைக்குப்பத்தோடு, தேர்வடத்தை முதலில் யார் தொடுவது என்று வழக்கு. ஜார்ஜ் டவுன் வக்கீல் ஒருவர் செப்பேட்டை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, இது வடம் தொடும் உரிமைக்கான சாசனம் என்று சொன்னார். ராஜா அன்றைக்குப் பல்லவரானார். பிறகு உப்பு இலாகாக்காரர்கள் உவர்மண் அள்ளக்கூடாது என்று மறித்தபோது, அதே செம்பு உப்பள்ளும் உரிமையாக மாறியது, பல்லவர் சோழரானார். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே காலியானபோது, பீரங்கி வைக்கக் கரையைக் கேட்டுப் பட்டாளம் வந்தது. பொன்னுரங்கம் சாசனத்தை எடுத்துக்கொண்டு போய் வெள்ளைக்காரக் காப்டன் முன் நீட்டினார். காப்டன் அதைக் கையில் வாங்கி எடை பார்த்தான். யுத்தத்துக்குச் செம்பு கொடுத்ததற்காக இவர் முதுகில் தட்டி, ஒரு ரசீதும் எழுதிக் கொடுத்தான். அது கொடை அல்ல என்று புரியவைத்துத் திரும்ப வாங்குவதற்குப் பதினெட்டு நாளும் நாலு கூடை வஞ்சிரமும் ஆனது. சாசனத்தின் வரலாற்றில் அதன் உண்மையான எடையைக் கண்டறிந்தவன் அந்த ஒருவன்தான்.

ஆடி மாதம் எல்லையம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் செப்பேடு வெளியே வரும். அன்று விடியற்காலை நாட்டார் வீட்டுப் பெண் பச்சைத்தண்ணீர் குடிக்காமல், ஈரப்புடவையோடு உட்கார்ந்து, ஒரு கைப்பிடிப் புளியும் அடுப்புச் சாம்பலும் போட்டு அதைத் தேய்க்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பதற்கும் விதி இருந்தது: தேய்க்கிறவளின் முகம் அதில் தெரிகிற வரை. முகம் மங்கலாகத் தெரிந்தால் அந்த வருஷம் மீன்பாடு குறையும். பொன்னுரங்கத்தின் மனைவி பவுனம்மாள் முப்பத்தொரு வருஷமாகத் தேய்த்தாள். அவளுக்கு முன் மாமியார், அதற்கு முன் மாமியாரின் மாமியார். பளபளப்பில் வெள்ளோடைக்குப்பத்துச் சாசனத்தை மிஞ்சிய சாசனம் இந்தச் சீமையில் இருந்திருக்க முடியாது.

பவுனம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்த எழுத்துக்கள் தெரியும். நண்டு மாதிரி ஒன்று, தூண்டில்முள் மாதிரி ஒன்று, வாலைச் சுழற்றிய திருக்கை மாதிரி ஒன்று. கல்யாணமாகி வந்த வருஷம் நகத்தால் எண்ணியதில் பன்னிரண்டு வரி இருந்தது. பிறகு எண்ணுவதை விட்டுவிட்டாள். அடுப்படியில் எண்ண வேறு விஷயங்கள் இருந்தன.

1955 ஐப்பசியில் தாசில்தார் வந்தார். கரையோரம் முந்நூறு ஏக்கரில் தொழிற்சாலை வரப்போகிறது, சர்க்கார் உத்தரவு. எல்லையம்மன் கோயில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெள்ளோடைக்குப்பத்துக்காரர்களையும் சின்ன ஓடைக்குப்பத்துக்காரர்களையும் சேர்த்து வைத்து விஷயத்தைச் சொன்னார். இந்த நிலம் கடற்கரைப் புறம்போக்கு. யாருக்கும் பட்டா இல்லை. ஆனாலும் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் குடியிருப்பவர்களுக்குச் சர்க்கார் மனமிரங்கி, மதிலுக்கு மேற்கே குடும்பத்துக்கு மூன்று சென்ட் மனையும், மதிலை ஒட்டிக் கடலுக்குப் போக எட்டடிப் பாதையும் விடும். அதற்கு வீட்டுத்தலைவர் ஒரு காகிதத்தில் கைரேகை வைக்க வேண்டும். காகிதத்தில் ஒரே வாசகம்தான்: 'இந்த நிலத்தில் எனக்கு எவ்வித உரிமையும் இல்லை.' தை மாதம் முடிய அவகாசம்.

சின்ன ஓடைக்குப்பத்தார் அங்கேயே கைரேகை வைத்துவிட்டார்கள். அவர்களுக்கு எந்த ராஜாவும் எதுவும் கொடுத்திருக்கவில்லை. வெள்ளோடைக்குப்பத்தார் பொன்னுரங்கத்தைப் பார்த்தார்கள். பொன்னுரங்கம் கள்ளிப்பெட்டி இருந்த திசையைப் பார்த்தார்.

அந்த வாரமே காலடிப்பேட்டையிலிருந்து புலவர் கருணாகரன் வந்து சேர்ந்தார். மாஜி முனிசிபல் கவுன்சிலர். அடுத்த தேர்தலில் மாஜியைக் கழற்றிவிட எண்ணமிருந்தவர். புலவர் பட்டத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று தெரியாது. ஊரார் செப்பேட்டைக் காட்டுவது போலவே அவரும் அதைக் காட்டுவார், ஆராய விடமாட்டார். செப்பேட்டைக் கையில் வாங்கியதும் எட்டப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டு "ஆகா" என்றார். வட்டெழுத்து என்றார். வடநாட்டான் எவனோ இடையில் கிரந்தத்தைக் கலந்திருக்கிறான் என்று வருத்தப்பட்டார். பிறகு கடகடவென்று படிக்க ஆரம்பித்தார். கண் மூடியே இருந்தது.

அவர் படித்ததில் சோழர் கடல் கடந்து வென்று திரும்பினார். புயலில் கப்பல் சாய்ந்தது. வெள்ளோடைக்குப்பத்து மீனவர்கள் கட்டுமரத்தில் போய் அரசரைத் தோளில் தூக்கி வந்தார்கள். கரையில் கால் வைத்த அரசர், தன் கண்ணுக்கெட்டிய மணலெல்லாம் உங்களுக்கு என்றார். அப்படித் தோளில் தூக்கியவர் பொன்னுரங்கத்தின் முப்பாட்டனாரேதான் என்று புலவர் சொன்னபோது, பொன்னுரங்கத்தின் தோள் சற்று நிமிர்ந்தது. அதற்குப் பிறகு அது இறங்கவில்லை.

'செப்பேட்டுரிமைப் பாதுகாப்புக் கழகம்' உருவானது. புலவர் தலைவர், பொன்னுரங்கம் சாசனக் காப்பாளர். மாதத்தில் நாலு கூட்டம். எல்லாக் கூட்டத்திலும் புலவர் அந்தக் கைரேகைக் காகிதத்தைத் தூக்கிக் காட்டி, சோழன் கையால் வாங்கிய இனம் தாசில்தாரிடம் 'எனக்கு உரிமை இல்லை' என்று எழுதித் தரலாமா என்று கேட்பார். கூடாது என்று ஊர் சொல்லும். மூன்று சென்ட் பிச்சை வேண்டுமா, முந்நூறு ஏக்கர் உரிமை வேண்டுமா என்பார். உரிமை என்று ஊர் சொல்லும். பிறகு அவர் கடைசிப் பஸ்ஸைப் பிடித்துக் காலடிப்பேட்டையில் உள்ள தமது மாடிவீட்டுக்குப் போய்விடுவார். அதற்குப் பட்டா இருந்தது.

பவுனம்மாளின் தம்பி மாரியப்பன் சின்ன ஓடைக்குப்பத்துக்காரன். மார்கழியில் அக்காளைப் பார்க்க வந்தவன் வாசலிலேயே நின்றுகொண்டான்.

"இன்னாக்கா, உள்ள வரலாமா? ராஜா வூட்டுக்கு வர்றதுக்கு யார்கிட்ட சொல்லினு வர்றது?"

"கொழுப்பு. வந்து குந்து."

உட்கார்ந்தவன் தன் ஊருக்கு மனை அளந்து முளை அடித்துவிட்டதைச் சொன்னான். பாதைக்கும் கயிறு பிடித்தாயிற்று. கட்டுமரம் அகலத்துக்குச் சரியாக இருக்கிறது. மாமாவை ஒரு கைரேகை வைக்கச் சொல் என்றான். மாமா காதில் விழாத மாதிரி வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமூ," என்றான் மாரியப்பன், "உங்க முப்பாட்டன் சோழனைத் தூக்கினான்றியே, எங்க முப்பாட்டன் அன்னிக்கி எங்க போயிட்டான்? அவன் கட்டுமரமும் அங்கதானே இருந்திருக்கும்?"

பொன்னுரங்கம் வலையில் கிழிசல் தேடினார். புலவரிடம் கேட்டிருந்தால் ஏதாவது பதில் கிடைத்திருக்கும்.

அவன் போன பிறகு பவுனம்மாள் கேட்டாள். அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. கருவாடு காயப்போடுகிற மணல், வீட்டு வாசலிலிருந்து பதினாறு எட்டில் கடல் – அவளுக்குத் தெரிந்த சொத்து அவ்வளவுதான்.

"உரிமை இல்லன்னு ரேகை வெச்சா வழி வுடறான். உரிமை கீதுன்னு சொன்னா வழிய அடைக்கறான். நமக்கு உரிமை வோணுமா, வழி வோணுமாய்யா?"

"பொம்பளைக்கு இன்னா தெரியும் சாசனத்தப் பத்தி," என்றார் சாசனக் காப்பாளர்.

தை கடைசி நாள் அவள் யாரிடமும் சொல்லாமல் தாலுகா கச்சேரிக்கு நடந்தாள். குமாஸ்தா முன்னால் கட்டைவிரலை நீட்டினாள். வீட்டுத்தலைவர் ரேகைதான் செல்லும் என்றார் அவர். தலைவர் ராஜாவாகிவிட்டார், அவரால் வர முடியாது என்றாள் இவள். குமாஸ்தா சிரித்தார், ஆனாலும் காகிதத்தை இழுத்து மூடிவைத்தார். மைப்பெட்டி திறந்தே இருந்தது.

விசாரணை மாசியில். கழகம் சார்பில் நிலத்துக்கு உரிமை கோரி மனு போயிருந்தது. ஆதாரம், அசல் செப்பேடு. விசாரணைக்கு முன் புலவர் ஒரு யோசனை சொன்னார். சர்க்கார் அதிகாரிகள் முன்னால் சாசனம் ஜொலிக்க வேண்டும். ஆடி மாதத் தேய்ப்பு போதாது. அவர் தயவில் எலுமிச்சையும் செங்கல்பொடியும் வந்தன. மூன்று நாள் தேய்த்தாள் பவுனம்மாள். மூன்றாம் நாள் கணவனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"நண்டு எழுத்து இங்கதான் இருந்துச்சு. காணோம்."

"மொகம் தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப சரி."

வெள்ளித்தட்டில் பட்டு விரித்து, அதன்மேல் சாசனம். முன்னால் பேண்டு வாத்தியம். நூறு பேர் எண்ணூர் நெடுஞ்சாலையில் தாலுகா கச்சேரிக்கு ஊர்வலமாகப் போனார்கள். வெயில் பட்டுச் செப்பேட்டிலிருந்து கிளம்பிய ஒளி எதிரே வந்த லாரிக்காரன் கண்ணில் அடித்து, அவன் சோழப் பரம்பரையைத் தாய்வழியில் விசாரித்துவிட்டுப் போனான். நாட்டார் வீட்டுப் பெண் என்பதால் பவுனம்மாள் தட்டுக்குப் பக்கத்தில் நடந்தாள்.

செப்பேடு படிப்பதற்கென்று சர்க்கார் ஒருவரை வரவழைத்திருந்தது. பக்தவச்சலம் என்று பெயர். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி, ஜோல்னாப்பை. செப்பேட்டின்மேல் ஒரு மாவைத் தூவி ஊதினார். சாய்த்துப் பிடித்து, விளக்கைத் தாழ்த்திப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அரை மணி நேரம் ஆயிற்று. புலவர் இரண்டு முறை தொண்டையைக் கனைத்தார்.

"இதை யார் சுத்தம் பண்ணுவது?" என்று கேட்டார் பக்தவச்சலம்.

பொன்னுரங்கம் பெருமையோடு மனைவியைக் காட்டினார். முப்பத்தொரு வருஷமாக இவள்தான் என்றார். ஏறத்தாழ எண்ணூறு வருஷமாக இடைவிடாமல் நடந்துவரும் மரபு என்று புலவர் சேர்த்துக்கொண்டார்.

பக்தவச்சலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தாசில்தாரிடம் மெதுவாகச் சொன்னார். ஐந்தாவது வரியாக இருந்திருக்கக்கூடிய இடத்தில் 'நாள் ஒன்றுக்கு' என்று இரண்டு சொற்கள். ஒன்பதாவது வரியில் 'கடவோம்' என்று ஒரு சொல். ஒரே ஒரு வரி மட்டும் முழுசாக இருக்கிறது: இடது கீழ்மூலையில், தேய்க்கும்போது கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்கிற இடத்தில். விரல் அதைக் காப்பாற்றியிருக்கிறது. அதை அவர் சத்தமாகவே படித்தார்.

"இது அழித்தான், கெங்கைக் கரையிலே குராற்பசுவைக் கொன்றான் பாவத்திலே போகக் கடவன்."

கொடுத்தவர் யார் என்று தாசில்தார் கேட்டார். தெரியாது. எல்லை? இல்லை. எந்த ராஜா? ராஜா என்றே சொல்ல முடியாது. ஊரார் ஏதோ ஒன்றை நாள்தோறும் யாருக்கோ செலுத்த ஒப்புக்கொண்ட மாதிரித் தோன்றுகிறது. கொடை ஏதும் இருந்திருந்தால், மன்னிக்கவேண்டும், அது புளித்தண்ணீரோடு போயிருக்கிறது.

புலவர் எழுந்துவிட்டார். வரலாற்றை அழித்தது யார் என்று மேஜையைத் தட்டிக் கேட்டார். நவாபா, கும்பெனியா, வடநாட்டானா என்று வரிசையாகக் குற்றவாளிகளைக் கூப்பிட்டார். ஒவ்வொரு பெயருக்கும் ஊரார் கை தட்டினார்கள். தட்டுக்குப் பக்கத்தில் நின்ற பவுனம்மாள் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செங்கல்பொடி ரேகைக்குள் இன்னும் சிவப்பாக இருந்தது.

"நான்தான் சாமி அழிச்சது," என்றாள்.

கைதட்டல் நின்றது.

"நான் தேச்சதுலதான் போச்சு. எனக்கு முன்னாடி என் மாமியாரு. குத்தம் எங்குளுதுதான். ஆனா குடிசய நான் தேய்க்கல, அது அங்கியேதான் கீது. மணல் கீது, கட்டுமரம் கீது. வந்து பாத்துட்டு எழுதிக்க. செம்புல எழுதினாத்தான் நீ நம்புவியா?"

தாசில்தார் கெட்டவர் அல்ல. பேனாவை மூடினார், திறந்தார். பிறகு விதியைச் சொன்னார். உரிமை இல்லை என்று எழுதியவர்களுக்கே மனை. இவர்கள் உரிமை உண்டு என்று மனுப் போட்டவர்கள். மனு ஆதாரமில்லாமல் தள்ளுபடியாகிறது. ஆனால் உரிமை கோரியவர்கள் என்பது பதிவாகிவிட்டது. அவகாசமும் போன மாதத்தோடு முடிந்துவிட்டது. பொன்னுரங்கம் அப்போதுதான் கட்டைவிரலை நீட்டினார். வாங்கிக்கொள்ள அந்த மேஜையில் காகிதம் இல்லை.

பேண்டுக்காரர்களுக்குத் திரும்பும் வழிக்கும் சேர்த்துத்தான் பேசியிருந்தது. அவர்கள் வாசித்துக்கொண்டே வந்தார்கள்.

பங்குனியில் கூரைகள் பிரிந்தன. வெள்ளோடைக்குப்பத்தார் சடையங்குப்பத்துப் பள்ளத்தில், யாரும் கேட்காத ஒரு மேட்டில் குடிசை போட்டார்கள். முதல் மழையில் அது மேடு இல்லை என்று தெரிந்தது. கடலுக்கு நாலு மைல். கட்டுமரங்களை வைக்க இடம் கிடையாது. மதிலை ஒட்டிய எட்டடிப் பாதை சின்ன ஓடைக்குப்பத்துக்கு விடப்பட்டது. மாரியப்பன் அக்காளுக்காகத் தன் ஊர்ப் பஞ்சாயத்தில் பேசினான். பாதையில் போய்வரலாம், பாதை ஓரம் கட்டுமரம் ஏற்றி வைக்கலாம். அதற்கு, பாடு உள்ள காலமெல்லாம், நாள் ஒன்றுக்கு ஒரு கூடை மீன் அந்த ஊருக்குத் தருவது என்று முடிவாயிற்று. செப்பேட்டில் மிஞ்சிய சொற்கள் அப்படியே நடந்தேறியதைப் பக்தவச்சலம் கேட்டிருந்தால் ஒரு கட்டுரை எழுதியிருப்பார். அவரிடம் யாரும் சொல்லவில்லை.

தேர்த் திருவிழாவில் வடத்தை முதலில் தொடுவதும் இப்போது சின்ன ஓடைக்குப்பம்தான். பொன்னுரங்கம் அந்தப் பக்கம் போவதில்லை. கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கம்பெனியின் பின்கேட்டில் லாரி எண்ணுகிறார். அவருடைய தோள் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

தொழிற்சாலைத் திறப்புவிழாவில் வரவேற்புரை புலவர் கருணாகரன். சோழன் கால் பதித்த மண்ணில் தொழில் கால் பதிக்கிறது என்று தொடங்கி, முக்கால் மணி நேரம் பேசினார். கழகத்தின் அன்பளிப்பாகச் செப்பேட்டைக் கம்பெனிக்கு வழங்கினார். கழகத்தைக் கேட்டாரா என்றால், தலைவர் அவர்தானே. அடுத்த மாதம் அவர் கம்பெனியின் தொழிலாளர் நல ஆலோசகரானார். சாசனம் வரவேற்பறைச் சுவரில் ஆணியில் மாட்டப்பட்டது. 'இப்பகுதித் தொழில் வளத்துக்கு மன்னர் வழங்கிய ஆணை' என்று கீழே ஒரு பலகை. எண்ணூறு வருஷத்தில் அதற்குக் கிடைத்த அர்த்தங்களில் இது ஒன்றுதான் அரக்கு எழுத்தில் எழுதப்பட்டது.

ஆறே மாதத்தில் அமிலக்காற்றில் செப்பேடு கறுத்தது. யாரோ துரைசானி அம்மாள் வந்தபோது முகம் சுளித்தாளாம். இதைப் பளிச்சென்று வைக்கத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று மேனேஜர் விசாரித்தார். கேண்டீனில் பாத்திரம் தேய்க்கிற பவுனம்மாளைக் காட்டினார்கள்.

சனிக்கிழமைதோறும் ஆணியிலிருந்து கழற்றி அவளிடம் கொடுக்கிறார்கள். குழாயடியில் உட்கார்ந்து, முகம் தெரிகிற வரை தேய்க்கிறாள். கட்டைவிரலை இப்போது வேறு மூலையில் வைத்துப் பிடிக்கிறாள். பசுவைக் கொன்றவன் வரியும் போன ஆடிக்கு முன்பே போய்விட்டது. புளி கம்பெனி கொடுக்கிறது.